தொட்டில் செய்த கூலி

வங்கி அதிகாரி சிவபிரகாஷ், மதியழகனுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. பேத்திக்கு வேப்பமரத்தில் தொட்டில் செய்து கொடுத்ததற்கான கூலி அது.

இருவரையும் எனக்குத் தெரியும். தொட்டில் உருவானதும் என் மர அறுவை மில்லில்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நத்தத்தில் புளி மூட்டைகளுக்கு நடுவே லாரியில் ஏறி திண்டுக்கல்லில் வந்து இறங்கியபோது என்னிடம் மாற்றுத் துணிகூடக் கிடையாது. விறகு வண்டி இழுத்தேன். இன்றைக்கு இரண்டு அறுவை இயந்திரம் ஓடுகிறது, மூன்று மாடி வீடு நிற்கிறது. ஆண்டிச்சாமி மில் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரன் வழி கேட்க மாட்டான். ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். மனிதரை அப்படிச் சொல்ல முடிவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் அறுவை கிடையாது. அன்றைக்குச் சிலர் வருவார்கள். மரவேலை அவர்களுக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. பின்பக்கக் கொட்டகையை அவர்களுக்கு விட்டிருக்கிறேன். கடைசல் இயந்திரம் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறேன். வாடகை என்று ஒரு பைசா வாங்கியதில்லை. இந்த ஊரில் வேறு எந்த மில்காரனும் அப்படிச் செய்ய மாட்டான்.

வருகிறவர்களில் ரொனால்டு உடற்பயிற்சி ஆசிரியர். விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டியவர். கேரம் பலகை செய்வார். இதுவரை ஒன்றுகூட நாலு பக்கமும் சமமாக வந்ததில்லை. ஆரிபா பல் டாக்டர். பிள்ளைகளுக்கு மரத்தில் யானை, ஒட்டகம் செய்வார். "பல்லைவிட மரம் எம்புட்டோ தேவல அண்ணே, ராவுனா கத்தாது" என்பார். சிவபிரகாஷ் ஓய்வு பெறப் போகும் வங்கி அதிகாரி. புத்தக அலமாரி ஒன்றை நான் பார்க்க மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் அவர்கள் முதலில் கேட்பது, "சார் என்ன பண்றீங்க?" என்பதுதான். வாரம் முழுக்கச் சட்டையும் பேண்ட்டுமாக இருக்கிறவர்கள், லுங்கியில் மரத்தூளோடு நிற்கும்போது தங்கள் வேலையைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது போல.

மதியழகன் முதல் நாள் சொன்ன பதில், "மிஷின் ஆப்பரேட்டருங்க. முனிசிபாலிட்டி பக்கம்."

என்ன மிஷின் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். ஊருக்கு வெளியே எரிவாயு மயானம் ஒன்று இருக்கிறது. விறகை மூடிய உலையில் போட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் பிணத்தை எரிப்பார்கள். அதற்கான விறகு என் மில்லில் அறுத்துக் கழித்த ஓரக்கட்டைதான். அதை எடைபோட்டு இறக்கிக்கொள்ள வந்தவன்தான் மதியழகன். ஒருநாள் அந்தக் குவியலில் இருந்து ஒரு வேப்பங்கட்டையைத் தனியாக எடுத்து வைத்து, "அண்ணே, இத நான் காசு குடுத்து எடுத்துக்கிறேன். பாப்பாவுக்கு நடைவண்டி செய்யணும்" என்றான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் வந்தான்.

அவனுக்குச் சொந்த ஊர் தாடிக்கொம்பு பக்கம். மல்லிகைப் பூ விவசாயக் குடும்பம். கிணறு வற்றியதும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தான். மில்லை மூடிவிட்டார்கள். மிஷின் ஆப்பரேட்டர் தேவை என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் போனான். போன பிறகுதான் என்ன மிஷின் என்று தெரிந்தது. அன்றைக்குத் திரும்பி வந்திருக்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மாமன் மகன் கல்யாணத்தில் எப்படியோ விஷயம் கசிந்து, பந்தியில் இவன் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டாராம். அதன் பிறகு சொந்தக்காரர் விசேஷம் எதற்கும் அவன் போவதில்லை.

கொட்டகைக்கு வருகிறவர்களில் கைவேலை சுத்தம் அவனுக்குத்தான். உளியை அவன் பிடித்தால் அது சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் ஒரு குணம் அவனிடம் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் செய்கிறதை எல்லாம் சும்மா கொடுப்பார்கள். மதியழகன் மட்டும் கூலி வாங்குவான். ஐம்பதோ நூறோ, வாங்காமல் விட மாட்டான்.

"ஏப்பா, பொழுதுபோக்குக்குக் காசு வாங்குற ஒரே ஆளு நீதாம்ப்பா" என்று ரொனால்டு கிண்டல் செய்வார்.

"சும்மா குடுத்தா வாங்குறவங்க மறந்துருவாங்க சார்."

"நான் குடுத்த கேரம் போர்ட மறக்கவே மாட்டாங்க."

"காய் ஒரே பக்கமா ஓடுதே, எப்புடி மறப்பாங்க?" என்றார் ஆரிபா.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சிவபிரகாஷ் தன் மகளுக்குப் பெண் பிறந்திருப்பதாகச் சொல்லித் தொட்டில் கேட்டார். மதியழகன் அதற்கு வேப்பமரம் பார்த்து எடுத்தான். நான்கு கால்களையும் கடைசல் பிடித்தான். மரக்கம்பிகளை இழைத்துவிட்டுத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான். "என்னடா பண்ற?" என்று கேட்டேன். "கை காய்ச்சுப் போச்சுண்ணே. கையில தெரியாத செராய் கன்னத்துல தெரியும்" என்றான்.

தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு நானும் போயிருந்தேன். சிவபிரகாஷ் எல்லோருக்கும் முன்னால் அவன் தோளில் கை போட்டு, "இவருதான் செஞ்சது. கடையில வாங்க முடியாது இத" என்றார். அவர் மனைவி புவனேஸ்வரி அவனுக்கு இலை போட்டு, வெஞ்சனம் கேட்டுக் கேட்டு வைத்தார். அவன் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டான். எனக்கு மட்டும் அது எதனால் என்று தெரியும். புறப்படும்போது சிவபிரகாஷ், "செலவு ஓயட்டும் மதி. மில்லுக்கு வந்து கையில தந்துர்றேன்" என்றார்.

செலவு ஓயவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய அப்பா இறந்துவிட்டார்.

காலையில் மதியழகனிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அண்ணே, சிவபிரகாஷ் சாரோட அப்பா பாடி இங்கதான் வருதாம். பேரும் அட்ரசும் சொல்லி இப்பத்தான் பதிவு பண்ணுனாங்க."

"வேற ஆளு இல்லையாடா?"

"கூட இருக்கிறவன் லீவு. நான் எங்கண்ணே போயி நிக்கிறது?"

அம்புட்டுப் பேசுகிற வாய் எனக்கு. அன்றைக்கு "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு துக்க வீட்டுக்குப் போய், அவர்களோடு மயானத்துக்கும் போனேன்.

அவன் முகமூடி போட்டிருந்தான். தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தான். சிவபிரகாஷ் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்றார். வாய்க்கரிசி போட்டார்கள். கற்பூரம் வைத்தார்கள். மதியழகன் யாரிடமும் பேசாமல் உடல் கிடந்த தட்டை உள்ளே தள்ளி இரும்புக் கதவை இறக்கினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. முடிந்துவிடும் என்று நானும் மூச்சு விட்டேன்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை செய்கிறவனுக்குத் தருகிற பணத்தைக் கையில் தர மாட்டார்கள். வாசலில் உள்ள சிமெண்டு மேடையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். அவன் பிறகு வந்து எடுத்துக்கொள்வான். சிவபிரகாஷின் மைத்துனர் ஐந்நூறு ரூபாய்த் தாளை அப்படி வைத்தார். மேலே கல் வைக்கவில்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிவபிரகாஷின் காலடியில் போட்டது.

மதியழகன் குனிந்து எடுக்கப் போனான். முகமூடியின் கயிறு காதிலிருந்து நழுவியது. சிவபிரகாஷ் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவன் கை பட்டுவிடாமல் தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைத்துனரும் பார்த்துவிட்டார். "மாப்ள, இது தொட்டில் கொண்டாந்த ஆளு இல்ல?" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

மதியழகன் தாளை எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போய்விட்டான். முகமூடியை மாட்டவில்லை. இனி எதற்கு மாட்டுவது?

துக்கம் விசாரிக்க ரொனால்டும் நானும் மறுவாரம் சிவபிரகாஷ் வீட்டுக்குப் போனோம். மதியழகனின் வேலையையும், அங்கே என் மில் விறகு போவதையும் வழியில் ரொனால்டிடம் சொல்லியிருந்தேன். புவனேஸ்வரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்ணே, உங்களுக்குத் தெரியுமில்ல, அந்த ஆளு என்ன வேலைன்னு? பச்சப் புள்ளைய போட்டு ஆட்டுன தொட்டில்ண்ணே. அந்த மரம் எங்கருந்து வந்துச்சோ, எவன் பொணத்துக்கு வச்சிருந்ததோ" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரொனால்டு முந்திக்கொண்டார். நல்ல மனிதர். உதவி செய்வதாக நினைத்துத்தான் பேசினார்.

"ஐயோ, அப்புடியெல்லாம் நெனைக்காதீங்கக்கா. மயானத்துலருந்து மரம் வரல. அண்ணன் மில்லுலருந்துதான் மயானத்துக்குப் போகுது. ஒரே மரந்தான். நல்ல பக்கம் தொட்டிலுக்கு, கழிச்ச பக்கம் அங்க..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குள் புவனேஸ்வரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிவபிரகாஷ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் ரொனால்டு, "விசில் ஊதுற வாய ஊதுறதோட நிறுத்திருக்கணும்ண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மினி டெம்போ ஒன்றில் தொட்டில் மில்லுக்கு வந்தது. "அம்மா எறக்கிட்டு வரச் சொன்னாங்க" என்றான் டிரைவர். எங்கே இறக்குவது என்று அவன் கேட்கவில்லை. கண்ணில் பட்ட இடத்தில், ஓரக்கட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

எத்தனையோ மரத்தை விற்றிருக்கிறேன். என் மில்லில் செய்த பொருள் ஒன்று வேண்டாம் என்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. கூலியாட்களுக்கு முன்னால் எனக்கே முகம் சுண்டிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியழகன் வந்தான். தொட்டிலைப் பார்த்தான். காற்றில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சணல் கயிறு எடுத்து வந்து, ஆடாதபடி காலோடு சேர்த்துக் கட்டினான்.

"வெறுந்தொட்டில் ஆடக் கூடாதுண்ணே. புள்ளைக்கு ஆகாது" என்றான்.

அந்தப் பிள்ளையின் வீட்டார்தான் இதைத் தெருவில் தள்ளியிருக்கிறார்கள். இவன் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று கயிறு கட்டுகிறான். எனக்கு ஆத்திரம் வந்தது. கல்லாப் பெட்டியைத் திறந்து ஆறாயிரத்து ஐந்நூறை எடுத்து நீட்டினேன். "இந்தா பிடி. அந்த மனுசன் தராட்டி நான் தாரேன். ஆண்டிச்சாமி கிட்ட இல்லாத காசா?"

"வேணாம்ண்ணே."

"எடுத்துக்கடா. பெருமைக்குச் சொல்லல."

"தெரியும்ண்ணே. உங்களுக்கா நான் செஞ்சேன்?" உளியைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அங்க சம்பளம் மாசாமாசம் பேங்க்ல ஏறிருது. பாடி கொண்டாறவங்களும் ஏதாச்சும் தருவாங்க. எவரும் கையில தர மாட்டாங்க, மேடையில வச்சிட்டுப் போயிருவாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. நானும் கைய நீட்டுறதில்ல. இங்க வந்து ஒரு நடைவண்டி செஞ்சு வித்தேன்ல, அத வாங்குன அம்மா என் கையப் புடிச்சு, உள்ளங்கையில காச வச்சு, விரல மடக்கி விட்டுச்சு. வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டிக்கிட்ட அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுக்குத்தான்ண்ணே கூலி வாங்குறேன். ரொனால்டு சார் நெனைக்கிற மாதிரி இல்ல."

நான் நோட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

"ஆனா அந்தம்மாவுக்கு என் வேலை தெரியாது. யாருக்குமே தெரியாது. தெரியாதவங்க கையில தந்தத நானா பெருசா நெனைச்சுக்கிட்டு இருந்துருக்கேன். இப்ப சாருக்குத் தெரியும். தெரிஞ்சும் அவரு கையில தந்தாருன்னா நான் மரத்தத் தொடுறேன். இல்லாட்டி இந்த உளியெல்லாம் நீங்களே வச்சுக்கங்க."

சொல்லிவிட்டுப் போனவன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கொட்டகையில் பேச்சே குறைந்துவிட்டது. ஆரிபா மட்டும், அவன் தனக்குச் செய்து கொடுத்த ஸ்டூலைத் திருப்பித் தர மாட்டேன் என்று தானாகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்ல வேண்டியதாகிவிட்டது பாருங்கள், அதுதான் எங்கள் நிலைமை.

சிவபிரகாஷ் ஒருநாள் மாலையில் மில்லுக்கு வந்தார். வரும்போதே கோபம்.

"என்னண்ணே, உங்க ஆளு என்னை அசிங்கப்படுத்துறானா? ஜிபேல பணம் போட்டேன், திருப்பி அனுப்பிட்டான். பத்தலையோன்னு எட்டாயிரமாப் போட்டேன், அதையும் திருப்பிட்டான். போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கிறான்."

"உக்காருங்க சார். டீ சொல்றேன்."

"டீயெல்லாம் வேணாம். என்னதான் வேணுமாம் அவனுக்கு?"

"கையில தரணுமாம்."

"என்னது?"

"உங்க கையால அவன் கையில தரணும். அவ்வளவுதான். அங்க மேடையில வச்சிட்டுப் போறாங்க. நீங்க போன்ல வச்சிட்டுப் போறீங்க."

அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மரக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"வீட்டுல தெரிஞ்சா அவ குளிக்காம உள்ள விட மாட்டாண்ணே."

"குளிங்க சார். திண்டுக்கல்லுல தண்ணி வர்றது பெரும்பாடுதான். இருந்தாலும் உங்க வீட்டுல ஒரு வாளி இல்லாமலா போயிரும்?"

அதற்கும் அவர் சிரிக்கவில்லை. மொட்டைத் தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எங் காலடியில குனிஞ்சான்ல..."

"ஆமா."

"நான் கால இழுத்துக்கிட்டேன்."

"பாத்தேன் சார்."

"நீங்க பாத்தீங்களா?" என்றார். அப்போதுதான் அவர் முகம் உண்மையாகவே விழுந்தது. தனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் பாவம். "எங்கப்பாவ உள்ள அனுப்புன கைண்ணே அது. எங்கப்பாவ அவன் எம்புட்டுப் பக்குவமாத் தள்ளுனான் தெரியுமா. ஒரு குலுக்கல் இல்ல. நான் கால இழுத்துக்கிட்டேன்."

எழுந்தார். தொட்டில் நின்ற பக்கம் பார்க்காமலே சுற்றி நடந்து போய் ஸ்கூட்டரை எடுத்தார்.

நான் மதியழகனுக்குப் போன் போட்டேன். "ஏலே, உன் உளியை வந்து எடுத்துட்டுப் போ. நான் எவன் சாமானுக்கும் காவல்காரன் இல்ல. ஞாயித்துக்கிழமை வா" என்று சத்தம் போட்டேன். அப்படிச் சொன்னால்தான் வருவான்.

ஒரு சாக்குப் பையோடு வந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாவற்றையும் மேசையில் எடுத்து அடுக்கினான். ரொனால்டு உதவி செய்கிற மாதிரி பக்கத்தில் நின்றார். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஆரிபா கையில் இருந்த ஒட்டகத்தை ராவிக்கொண்டே இருந்தார். அதன் திமிலே காணாமல் போய்விடும் போல இருந்தது.

சிவபிரகாஷ் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "மதி, இந்தாப்பா" என்று சொல்லி, அதை மேசையில் உளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போய் வைத்துவிட்டது. மதியழகன் கவரைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். எனக்குத் தரையைப் பார்ப்பதா கூரையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

சிவபிரகாஷுக்கும் தான் செய்தது தெரிந்துவிட்டது. காது வரை சிவந்து போனார். கவரைத் திரும்ப எடுத்தார், அதிலிருந்த தாள்களை உருவினார், வெறும் கவரைக் கசக்கிக் கீழே போட்டார்.

"கைய நீட்டு மதி."

அவன் நீட்டவில்லை.

"நீட்டுப்பா. நான் தப்புப் பண்ணிட்டேன்."

மதியழகன் வலது கையைச் சட்டையில் துடைத்தான். இன்னொரு தடவையும் துடைத்தான். "மரத்தூளு சார்" என்றான்.

"இருக்கட்டும்."

கை நீண்டது. சிவபிரகாஷ் தன் இடது கையால் அதை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கேஷ் கவுண்டரில் வருடக்கணக்காக இருந்தவர், கட்டுக் கட்டாக எண்ணினவர். அன்றைக்கு அவருக்கு எண்ணிக்கை ஓடவில்லை. பாதியில் தடுமாறினார். வைத்ததை எடுக்காமல் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"தொட்டில வீட்டுக்குக் கொண்டு போக முடியாது மதி. அவ ஒத்துக்கல. நானும் சண்டை போடல. அத என்னால..."

"விடுங்க சார். எண்ணுங்க."

அவர் தலையை ஆட்டினார். கண்ணை அந்தக் கையைவிட்டு எடுக்காமல், ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக எண்ணி, விரிந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனார். கடைசித் தாளை வைத்த பிறகும் அவருடைய விரல்கள் சிறிது நேரம் அவன் கையின்மேலேயே இருந்தன.